இயந்திரம் பாடிய ஹிந்தோளம்

வல்லார்பாடம் வீட்டில் பேரன் ஏதோ டிஸ்கோ போட்டான். "நிறுத்தடா" என்று கடிந்துகொண்டேன். அடுத்து வந்தது மால்கௌன்ஸ், நள்ளிரவு ராகம், நம் ஹிந்தோளமேதான்!

பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் தனியொருவராக மின்னிசைக் கருவிகளில் பதிவு செய்த 10 ராகங்கள் அவை. ரோலண்ட் டிபி-303 கருவியில் 16 படிகளுக்கும் சுரங்களை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். ரயில்வே அட்டவணை மாதிரி. பிறகு வண்டி தவறாது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கவும் செய்யும். கமகம் என்று சொல்லமாட்டேன், ஜாருவின் சாயல் உண்டு.

அன்று அத்தட்டைக் கவனித்தோர் சிலரே. 1987-இல் சிகாகோவில் இதே கருவியால் 'ஆசிட் ஹவுஸ்' இசை கிளைத்தது. 2010-இல் சிங்கின் தட்டு மறுபதிப்பாகி உலகமே வியந்தது. அவர் 2015-இல் காலமானார்.

பேரனுக்கு ஆரோகணம் எழுதிக் கொடுத்தேன்: ச க ம த நி ச.