நொய்ஸ் என்ற சொல்லும் தலைமன்னார்க் கப்பலும்

மாலை வகுப்பில் தரம் 7 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், நொய்ஸ்னா சத்தம்தானே? அப்ப சவுண்ட்னா என்னா?"

நல்ல கேள்வி. எந்த ஒலியும் சவுண்ட்தான். வேண்டாத சத்தந்தான் நொய்ஸ். ராத்திரி 11 மணிக்குப் பக்கத்து லயத்தில் ஸ்பீக்கர் போடுகிறவருக்கு அது பாட்டு. விடியப் பிரட்டுக்குப் போக வேண்டியவருக்கு அது நொய்ஸ்.

இந்தச் சொல் சுமார் 800 வருடங்களுக்கு முன் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய பிரெஞ்சில் இதற்குக் கூச்சல், சண்டை என்று பொருள். நாமும் "துரை சத்தம் போட்டாரு" என்றால் ஏசினார் என்றுதானே எடுக்கிறோம்! பிரெஞ்சுக்கு முன்னே லத்தீன். அங்கே 'நோசியா' என்றால் கடற்பயணத்தில் வரும் குமட்டல். டிஸ்பென்சரித் துண்டில் டொக்டர் எழுதும் அதே நோசியாதான். அதற்கும் மூலம் கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் 'நௌஸ்'. கப்பலில் குமட்டி, வாந்தி எடுத்து, ஆட்கள் போட்ட கூச்சலே நொய்ஸ் ஆனது என்பார்கள். வேறு மூலம் காட்டுகிறவர்களும் உண்டு.

இதைப் படித்ததும் எனக்குத் தலைமன்னார் ஞாபகம் வந்தது. நம் மூத்தவர்கள் முதலில் பாய்த்தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 22 மைல் கடல். எங்கள் மேல்கணக்கு லயத்துப் பாட்டியின் அம்மா சின்னப் பிள்ளையாக அதில்தான் வந்தாராம். "கப்பலு பூரா வாந்தியும் அழுகையுந்தான், கடலு இரைஞ்சதே கேக்கலன்னு அம்மா சொல்லும்" என்பார் பாட்டி.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே துறையால் திரும்பிப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. பாட்டியின் அக்காவும் அதில் போனவர்தான். ஸ்டேஷனில் அவர் என்னவோ சொன்னாராம். அத்தனை பேரின் அழுகையில் பாட்டிக்கு அது விளங்கவில்லை. என்ன சொன்னார் என்று இன்றைக்கும் யோசிப்பாராம்.

யுத்தத்தில் நின்ற கோச்சி 2015இலிருந்து மறுபடி தலைமன்னார் வரை ஓடுகிறது. நானும் போய்ப் பார்த்தேன். பழைய இறங்குதுறை சிதைந்து கிடக்கிறது. அலைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்து பாட்டியிடம் நொய்ஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப வெள்ளக்காரனும் கப்பல்ல வாந்தி எடுத்தவன்தானா?" என்று சிரித்தார்.