கட்டளை காணப்படவில்லை

ஒரு பொருள் இல்லை என்பது வேறு. தேடிய இடத்தில் அஃது அகப்படவில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் கணினி பயில்வோர்க்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டை இங்கு ஆராய்வோம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் நிரல் எழுதுதற்குரிய கருவியொன்றை ஒரு மாணாக்கர் நிறுவுகின்றார். வேலை குறையின்றி முடிந்ததெனத் திரை அறிவிக்கின்றது. கருவியின் பெயரைத் தட்டச்சிட்டதும், ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’, அஃதாவது ‘கட்டளை காணப்படவில்லை’ என்னும் விடை வருகின்றது. கருவி இறங்கவில்லை போலும் என்றெண்ணி மீண்டும் இறக்குகின்றார். கைப்பேசியின் ஒருநாள் இணைய அளவு அதிலே தீர்கின்றது. மூன்றாம் முறையும் அவ்வாறாயின், இவ்வித்தை நமக்கு வாராது என மனஞ்சோர்கின்றார். 2011-ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் அலுவலகம் திறந்தபின், மென்பொருள் தொழில் நம் சிற்றூர் இளைஞர்க்கு எட்டாததன்று. ஆதலின், ஒருவரிச் செய்தியால் ஒருவர் பின்வாங்குதல் சிறிய இழப்பன்று.

நாம் இடும் கட்டளையை ஏற்று நடத்தும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். லினக்ஸில் பெரிதும் வழங்குவது 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல். கட்டளைப் பெயரைக் கேட்டதும் அது வன்தட்டு முழுவதையும் துழாவுவதில்லை. ‘பாத்’ என்னும் பட்டியலிற் குறித்த அடைவுகளை மட்டும் வரிசையாகப் பார்க்கும். 1979-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் முதல் வரும் வழக்கம் இது.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். தென்காசிக் கோயிலைச் சூழ்ந்த வீதிகளின் பெயர்களை மட்டும் எழுதிக்கொடுத்து, ஒரு கடையைக் கண்டுவர ஓர் ஏவலாளனை அனுப்புகின்றோம். கடையோ குற்றாலச் சாலையில் உள்ளது. எழுதிய வீதிகளிற் பார்த்துத் திரும்பிய அவன், ‘காணவில்லை’ என்கின்றான். அவன் பொய் கூறவில்லை, கடையும் மறைந்துவிடவில்லை. சீட்டில் ஒரு தெருவின் பெயர் குறைந்திருந்தது, அவ்வளவே.

ஏப்ட் என்னும் கட்டளையால் நிறுவும் கருவிகள் பெரும்பாலும் ‘/யூஎஸ்ஆர்/பின்’ அடைவிற் சேரும். அது பட்டியலில் முன்னரே உள்ளது. பிப்எக்ஸ் வழியாக நிறுவும் பைத்தான் கருவிகளோ பயனரின் இல்லத்தடைவிலுள்ள ‘.லோக்கல்/பின்’ என்பதிலும், ரஸ்ட் மொழிக் கருவிகள் ‘.கார்கோ/பின்’ என்பதிலும் தங்கும். இடர் தோன்றுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயாம்.

இனி, தீர்க்கும் முறையைக் காண்போம். இங்குக் குறிக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுக; பாத், ஹோம் என்னும் இரண்டை மட்டும் பேரெழுத்தில் இடுக.

முதலாவது, பெயரைச் சோதிக்க. லினக்ஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகக் கொள்ளும். கருவியின் பெயரே கட்டளையாகவும் இருக்கவேண்டுவதில்லை: ரிப்கிரெப் என்னும் கருவியின் கட்டளை ‘ஆர்ஜி’, பைத்தானுக்குப் பல கணினிகளில் ‘பைத்தான்3’ என்றே இடல்வேண்டும்.

இரண்டாவது, ‘எக்கோ $பாத்’ என இட்டுப் பட்டியலைப் படிக்க. அடைவுகள் முக்காற்புள்ளியாற் பிரிந்து நிற்கும்.

மூன்றாவது, கருவி இருக்கும் அடைவைக் கண்டு, முழு முகவரியோடு அதனை இயக்குக. இயங்கின், குறை கருவியில் இல்லை, பட்டியலில்தான் என்பது உறுதி.

நான்காவது, இல்லத்தடைவிலுள்ள ‘.பாஷ்ஆர்சி’ என்னும் கோப்பின் இறுதியில் இவ்வரியைச் சேர்க்க: எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்". கருவி வேறிடத்ததாயின் அவ்வடைவின் பெயரை இடுக. பின்னர்ப் புதிய முனையச் சாளரம் திறக்க. முன்பே திறந்திருந்த சாளரம் பழைய பட்டியலையே வைத்திருக்கும். உபுண்டுவில் ‘.லோக்கல்/பின்’ முதன்முறையாகத் தோன்றியபோது, ஒருமுறை வெளியேறி மீண்டும் உட்புகுந்தாலே அது பட்டியலிற் சேர்வதுண்டு.

மூன்று எச்சரிக்கைகள் இங்கு வேண்டப்படும். வரியின் முடிவிலுள்ள ‘$பாத்’ என்பதை விட்டுவிடின் பழைய பட்டியல் அழிந்து, ‘எல்எஸ்’ போன்ற எளிய கட்டளையும் காணாமற்போகும். அப்பொழுது ‘/யூஎஸ்ஆர்/பின்/நானோ’ என முழு முகவரியால் தொகுப்பானைத் திறந்து வரியைத் திருத்தலாம். கட்டளை அகப்படவில்லை என்பதற்காக ‘சூடோ’ என முன்னிட்டு இயக்குதல் பயன் தராது. பல கணினிகளில் சூடோவிற்குத் தனிப் பட்டியல் உண்டு. நாம் நிற்கும் அடைவையே பட்டியலிற் சேர்த்தலும் தகாது. எவரேனும் அங்கு வைத்த போலி நிரல் நம்மையறியாது இயங்கக்கூடும். அவ்வடைவிலுள்ள நிரலை இயக்க ‘./’ என முன்னிடுதலே முறை.

ஷெல் இவ்விடையோடு 127 என்னும் எண்ணையும் விட்டுச்செல்லும், ‘எக்கோ $?’ என உடனே கேட்டால் அது தெரியும். 126 வருமாயின், கோப்பு அகப்பட்டது, இயக்கும் உரிமை இல்லை என்பது பெரும்பாலும் பொருள். அதற்குத் தீர்வு வேறு. ஆகவே, பிழைச்செய்தி நம் அறிவின்மீது கூறிய தீர்ப்பன்று. எங்கே தேடினேன், என்ன கண்டேன் என்று ஏவலாளன் தரும் கணக்கு. அதனைச் சொல்லுக்குச் சொல் படிக்கும் மாணாக்கர், மீண்டும் இறக்குமுன் சீட்டில் எத்தெரு குறைந்தது எனப் பார்ப்பாராக.