நாலும் ஒரே ஈரமா?

பண்டாரவளை

அன்பு மகளுக்கு,

பள்ளிக்கூடத்துக்கு நீ எழுதிய 'மழைக்காலத்தில் எங்கள் தோட்டம்' கட்டுரையை உன் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வடிகாலைக் கான் என்றும், தண்ணீர் விழும் குழாயைப் பீலி என்றும், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தைப் பிரட்டுக்களம் என்றும் நம் ஆட்கள் பேசுகிற சொற்களையே போட்டிருக்கிறாய். யார் மாற்றச் சொன்னாலும் மாற்றாதே. ஆனால் சுவர் ஈரம், கொழுந்து ஈரம், படி ஈரம், மலை ஈரம் என்று எழுதியிருக்கிறாயே, நாலும் ஒரே ஈரமா?

முதலில் சுவர். கூரைத் தகரம் ஒழுகிச் சுவர் நனைவது ஒன்று. நிலத்து நீர் அடியிலிருந்து மேலேறிச் சுவரைப் பிடிப்பது வேறொன்று. அதற்குப் பெயர் ஓதம். ஒழுகலுக்குத் தகரத்தை மாற்றினால் தீர்ந்தது. மண்மேட்டை ஒட்டி நிற்கிற லயத்து வீட்டுப் பின்சுவரில் ஓதம் ஏறினால் புதுத் தகரம் எதற்கு உதவும்? பின்னாலுள்ள கானை ஆழமாக வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அந்தச் சுவரோரம் வைத்த நெருப்புப்பெட்டியும் பிஸ்கட்டும் நனைவதில்லை, நமத்துப்போகின்றன. துளி படாமலே காற்றிலுள்ள நீரை வாங்கிக் கெடுவதுதான் நமத்தல். வானொலியில் 'ஈரலிப்பான காலநிலை' என்று சொல்வதும் கண்ணுக்குத் தெரியாத இந்த நீரைத்தான்.

கொழுந்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது சம்பளக் கணக்கு. மழையில் எடுத்த தேயிலைக் கொழுந்தில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று இலையின் சொந்த நீர். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் அதுதான். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கிறது என்றால் மிச்சமெல்லாம் காற்றோடு போன தண்ணீர். மற்றது வெளியே ஒட்டிய மழைநீர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பார்ப்பவர் எடையில் கழிப்பது இந்த வெளி நீருக்காக. "கொழுந்து ஈரம்" என்று பொதுவாகச் சொன்னால் எவ்வளவு கழித்தாலும் கேட்க வழியில்லை. "பனிதான் பட்டிருக்கு, சொட்டலையே" என்று பெண்கள் வாதாடுவதை நீயும் கேட்டிருப்பாய். பனி படிந்தது, நனைந்தது, சொட்டச் சொட்ட வந்தது: மூன்றுக்கும் எடை வேறு, கழிவும் வேறாக இருப்பதுதான் நியாயம்.

கொழுந்து ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்குப் போன பிறகும் இதே கதைதான். வெளி நீர் உலராமல் இலை வாடாது. சரியாக வாடாததை அரைத்தால் தேயிலை சொத்தை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நம் ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் மவுசு கூடுவதற்குக் காரணம் கச்சான். கடலை இல்லை, காற்று! தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலை தாண்டி உலர்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. நம் தேயிலையின் தனி மணம் அந்த வறட்சி கொடுப்பது.

இனி படி. தொட்டால் தெரிகிற ஈரத்துக்குச் சொதசொத, நசநச, வழவழ, பிசுபிசு என்ற சொற்கள் இருக்கின்றன. இவை இரட்டைக்கிளவிகள், பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. பாசி பிடித்த படி வழவழ: கால் வழுக்கும். கொழுந்துச் சாறு காய்ந்த விரல் பிசுபிசு: ஒட்டும். விடாத தூறலில் இடுப்பில் கட்டிய படங்கும் துணியும் உடம்போடு உரசுவது நசநச. மிதித்தால் கால் புதையும் மண் சொதசொத. தொட்டுப் பார்த்து எழுது. ஒரு பத்தியில் ஒன்று போதும். அடுக்கினால் சத்தம்தான் மிஞ்சும்.

கடைசியில் மலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவுக்கு முன்னால் மலை என்ன காட்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்கிற அடையாளங்களில் பல தண்ணீரைப் பற்றியவை. ஊற்று இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுப் புறப்படும். தெளிந்து வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும், அல்லது நின்றே போகும். காய்ந்து கிடந்த மேட்டில் கசிவு தெரியும். 'மலை ஈரமாக இருக்கிறது' என்று சொன்னால் மழைக்காலத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'நேற்று வரை தெளிவாக வந்த பீலி இன்று கலங்கி வருகிறது, லயத்துக்குப் பின்னால் மண் சொதசொதவென்று ஊறி வெடித்திருக்கிறது' என்று சொல்லிப் பார்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்று அந்த நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. பீலி கலங்கினால் அந்த எண்ணுக்காகக் காத்திருக்காதே. அப்பாவிடம் சொல், கிராம சேவகருக்குத் தகவல் கொடுக்கச் சொல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கட்டுரையைத் திருத்தி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா