சாம்பியனின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் விளையாட்டில் நீங்கள் மல்யுத்த வீரர் அல்ல, முதலாளி. கோதாவில் அடிதடி எதையும் பார்க்க முடியாது; திரை முழுக்க எழுத்தும் எண்ணும்தான். யாரை எடுப்பது, யாரை யாரோடு மோதவிடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுப்பதே ஆட்டம். பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ரைலாண்ட் உருவாக்கிய இந்தத் தொடரில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒப்பந்தம். வீரரை நமக்கு மட்டும் என்று கட்டிப்போடுவதா, மற்ற கம்பெனிகளிலும் ஆடட்டும் என்று விடுவதா?

நம்பிக்கை: கையில் பணமிருந்தால் எல்லாரையும் பிரத்யேக ஒப்பந்தத்தில் வளைத்துப்போட வேண்டும்.

உண்மை: பிரத்யேக ஒப்பந்தத்தில் இருப்பவர் மாதச் சம்பளக்காரர்; அவர் மேடையேறினாலும் ஏறாவிட்டாலும் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். சும்மா உட்கார வைத்தால் அவருக்கும் மனக்கசப்பு வரும், அது உடைமாற்றும் அறை முழுக்கப் பரவும். நிஜ உலகமும் இப்படித்தான். 1996-ல் டபிள்யூடபிள்யூஎஃப் என்ற மல்யுத்தக் கம்பெனி, வீரர் பிரெட் ஹார்ட்டை 20 ஆண்டு ஒப்பந்தத்தில் பிடித்துவைத்தது. அடுத்த ஆண்டே கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவோடு பேசிக்கொள்ளச் சொன்னார் கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேன். அந்தப் பிரிவு 1997 நவம்பர் 9-ல் மான்ட்ரியல் மேடையில் எவ்வளவு கசப்பாக முடிந்தது என்பது ரசிகர்களுக்கு மனப்பாடம். டபிள்யூசிடபிள்யூ மட்டும் என்ன வாழ்ந்தது? 2001 மார்ச்சில் அது விலைபோனபோது கோல்ட்பெர்க், ஸ்டிங் போன்றவர்களின் பெரிய ஒப்பந்தங்கள் தாய் நிறுவனமான ஏஓஎல் டைம் வார்னர் தலையில் நின்றன. கம்பெனியே இல்லை, வீரர்கள் வீட்டிலிருந்தபடி சம்பளம் வாங்கினார்கள்.

நம்பிக்கை: கட்டுப்பாடில்லாத ஒப்பந்தம் இரண்டாந்தர வீரர்களுக்கானது.

உண்மை: சின்னக் கம்பெனிக்கு உயிர்நாடியே அதுதான். ஆடும் நாளுக்குத்தான் காசு. அவர் வேறு இடத்தில் சம்பாதிக்கும் புகழ் உங்கள் மேடைக்கும் செலவில்லாமல் வந்து சேரும். 2019 மே மாதம் ஏஇடபிள்யூ என்ற கம்பெனியில் தோன்றிய வீரர் ஜான் மாக்ஸ்லி, ஜூன் மாதமே ஜப்பானில் நியூ ஜப்பான் கம்பெனியின் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். அவரை இரண்டாந்தரம் என்று யார் சொல்வார்? என்ன, ஜப்பான் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பினால் விளையாட்டில் அத்தனை வாரமும் ஆள் கிடைக்க மாட்டார். அதையும் கணக்கில் வைத்துத்தான் கதையை எழுத வேண்டும்.

நம்பிக்கை: வாய்ப்பேச்சு போதும், நம்ம பையன் ஓடமாட்டான்.

உண்மை: ஓடுவான். மல்யுத்த வீரர் ரிக் ரூட் 1997-ல் நீண்ட ஒப்பந்தம் இல்லாமல், வந்துபோகும் அடிப்படையில்தான் டபிள்யூடபிள்யூஎஃப்-ல் தோன்றிக்கொண்டிருந்தார். நவம்பர் 17 திங்கள் இரவு, முன்பே பதிவான அந்தக் கம்பெனி நிகழ்ச்சியில் தாடியோடு நின்றார். அதே இரவு எதிரிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் நேரலையில் தாடியை மழித்து மீசையோடு வந்தார். சேனல் மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். விளையாட்டிலும் உங்களைவிடப் பெரிய கம்பெனி ஒன்று உங்கள் கட்டற்ற வீரரைக் கொத்திக்கொண்டு போகலாம், தடுக்க வழியிருக்காது. ஆகவே மாதக்கணக்கில் ஓடப்போகும் கதையின் நாயகனை மட்டும் கட்டிவையுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்பதற்கென்றே வருபவருக்கு அது தண்டச்செலவு.

நம்பிக்கை: பிரத்யேக ஒப்பந்தம் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை.

உண்மை: ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய முதல் விஷயமே முடியும் தேதி. வீரர் ஜெஃப் ஜாரெட் 1999 அக்டோபர் 17-ல் டபிள்யூடபிள்யூஎஃப்-ன் இன்டர்கான்டினென்டல் பட்டத்தைக் கதைப்படி சைனா என்ற வீராங்கனையிடம் இழக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் ஒப்பந்தம் முந்தைய நாளே காலாவதி! பட்டமோ அவர் கையில். தனக்குச் சேர வேண்டியதைப் பேசி வாங்கிக்கொண்ட பிறகே கோதாவில் இறங்கினார். மறுநாள் டபிள்யூசிடபிள்யூ நிகழ்ச்சியில் நின்றார்.

உங்கள் விளையாட்டில் பட்டம் யார் இடுப்பில் இருக்கிறது? அடுத்த நிகழ்ச்சியைத் திட்டமிடும் முன், அவர் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால், ஒன்று இப்போதே புதுப்பியுங்கள், இல்லையென்றால் இப்போதே பட்டத்தை மாற்றுங்கள்.