சுருண்ட சிரைகளும் கத்தி படாத மருத்துவமும்

அன்புள்ள தங்கைக்கு,

செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் உனக்கு இனி நீண்ட நேரம் நிற்பதே பணியின் பெரும்பகுதியாக இருக்கும். உன்னிடம் வரும் நோயாளிகளிலும் நின்றே உழைத்துத் தேய்ந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே, கால்களில் நீலமாகவும் ஊதாவாகவும் புடைத்துச் சுருண்டு தெரியும் சிரைகளைப் பற்றியும், கத்தியின் துணையின்றி அவற்றைக் கையாளும் முறைகளைப் பற்றியும் அறிந்துகொள்வது உனக்கு இருவகையிலும் பயன் தரும்.

இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தை எடுத்துச் செல்பவை தமனிகள். அதைத் திரும்பக் கொண்டுவருபவை சிரைகள். மக்கள் வழக்கில் சுருள்சிரை நோய் ‘நரம்புச் சுருட்டல்’ எனப்பட்டாலும், உணர்ச்சியைக் கடத்தும் நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனவே நரம்புத் தளர்ச்சிக்கென விற்கப்படும் சத்து மாத்திரைகளால் இதில் பயனுமில்லை. காலின் சிரைகள் இரண்டு அடுக்குகளாக அமைந்தவை. தசைகளுக்கு நடுவே ஓடுபவை ஆழ்சிரைகள். தோலுக்கு அடியில் கொழுப்புத் திசுவினூடே ஓடுபவை மேற்சிரைகள். மேற்சிரைகளில் முதன்மையானது, உட்பக்கக் கணுக்காலின் முன்புறத்தில் எழுந்து தொடையிடுக்கில் ஆழ்சிரையுடன் கலக்கும் பெரிய சஃபீனஸ் சிரை.

சிரையின் உட்சுவரில் இரண்டு மெல்லிய மடல்களைக் கொண்ட வால்வுகள் இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. மேல்நோக்கிச் செல்லும் இரத்தத்திற்கு வழிவிட்டு, அது கீழே இறங்க முற்படும்போது ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்வது இம்மடல்களின் வேலை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த ஃபப்ரீசியுஸ் 1603-இல் இவற்றைப் படங்களுடன் விளக்கி வெளியிட்டார்; ஆனால், இரத்தம் கைகால்களில் சென்று தேங்கிவிடாதபடி அதன் வேகத்தைத் தணிப்பதே இவற்றின் பயன் என்று அவர் கருதினார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில்தான், இவை இதயத்தை நோக்கிய ஒருவழி ஓட்டத்தைக் காப்பவை என்பது நிலைநாட்டப்பட்டது. சுருள்சிரை நோயின் மருத்துவம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலருகே சிரைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து கணுக்கால் வரையுள்ள இரத்தத்தூணின் முழுச் சுமையும் அங்கே இறங்குகிறது. அவர் நடக்கத் தொடங்கியதும், கெண்டைக்கால் தசைகள் சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ள, தள்ளப்பட்டது திரும்பாதபடி வால்வுகள் மூடிக்கொள்ள, அந்த அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் அழைப்பது இதனால்தான். மேற்சிரையின் வால்வுகள் பழுதுபட்டவரிடம், மேலேறிய இரத்தத்தின் ஒரு பகுதி மீண்டும் கீழே வழிவதால், எவ்வளவு நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு குறைவதில்லை. பின்னொழுக்கு எனப்படும் இந்நிலையில் சிரையின் சுவர் விரிகிறது. விரிந்த சுவரில் அடுத்த வால்வின் மடல்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் போக, பழுது மேலும் பரவுகிறது.

இந்நோய்க்கு 1994-இல் ஹவாயில் கூடிய வல்லுநர்கள் வகுத்த தரவரிசை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய, சிவப்பாகவோ ஊதாவாகவோ வலைபோலத் தோலில் படர்பவை சிலந்திச் சிரைகள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்குபவை வலைச்சிரைகள். மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்தவையே சுருள்சிரைகள். அதற்கு மேற்பட்ட படிகளில் வீக்கமும், கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்துக் கரப்பான் காண்பதும், இறுதியில் ஆறாத புண்ணும் இடம்பெறுகின்றன. சிலந்திச் சிரை பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றிய கவலையாகவே நின்றுவிடும். தோல் கறுக்கத் தொடங்கிய காலைத் தோற்றப் பிரச்சினை என்று ஒதுக்குவது பெரும் தவறு.

பரம்பரை, வயது, உடற்பருமன், கருவுறுதல், நீண்ட நேரம் நிற்றல் ஆகியவை இந்நோய்க்கு வழிவகுப்பவை. கருவுற்ற காலத்தில் புடைத்த சிரைகள் மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பெருமளவு சுருங்கிவிடுவதால், அதுவரை பொறுத்திருப்பதே முறை. நிற்பதைப் பொறுத்தவரை இது மருத்துவத்தோடு முடியும் செய்தியன்று. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பகல் முழுவதும் உட்கார இடமின்றி நின்ற பெண்களின் குரலைக் கேட்டு, கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கின. எந்தக் களிம்பையும் விட ஒரு நாற்காலியும், இடையிடையே நடக்கும் உரிமையும் பயன் மிக்கவை. சட்டம் தந்த நாற்காலியில் உட்காரவிடாத முதலாளி அத்தொழிலாளியின் உடல்நலத்தைப் பறிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

மருத்துவத்தின் முதற்படி டாப்ளர் ஸ்கேன். ஒலியலைகளைக் கொண்டு சிரையின் வடிவத்தையும் இரத்தம் ஓடும் திசையையும் ஒருங்கே காட்டும் இச்சோதனையை நோயாளியை நிற்கவைத்துச் செய்ய வேண்டும். படுத்திருக்கையில் பின்னொழுக்கு மறைந்துவிடக்கூடும். கெண்டைக்காலை அழுத்தி விட்டபின் மேற்சிரையில் இரத்தம் அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் அங்குள்ள வால்வு பழுதுபட்டது என்று பொருள். முழங்காலுக்குக் கீழே புடைத்துத் தெரியும் சிரைக்கான மூலம் தொடையிடுக்கில் இருப்பது மிகப் பொதுவானது. அம்மூலத்தை அடைக்காமல் கீழே தெரிவதை மட்டும் அகற்றுவது, மேலே ஒழுகும் குழாயை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

அழுத்தக் காலுறை பழமையான, எளிய துணை. அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட், தமது கால் நோயின் வேதனை நீச்சல் குளத்தில் நிற்கும்போது தணிவதைக் கண்டு, ஆழம் கூடக்கூட அதிகரிக்கும் நீரின் அழுத்தத்தைத் துணியில் கொண்டுவர முயன்றதன் பயனாக, கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தும் காலுறை 1950-களில் உருவானது. காலையில் வீக்கம் தொடங்குவதற்கு முன்பே இதை அணிய வேண்டும். காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு இதே காலுறை தீங்காகலாம் என்பதால், முதியவருக்கும் நீரிழிவாளருக்கும் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அணிவிக்க வேண்டும். காலுறை வலியையும் வீக்கத்தையும் தணிக்குமேயன்றிப் பழுதான வால்வைச் சீராக்காது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வேறு சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவருக்குக் காலுறையையே சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்கிறது.

பழுதான சிரையை மூடிவிடுவதே நேரடி மருத்துவம். மூடினால் இரத்தம் எங்கே செல்லும் என்ற அச்சம் நோயாளிகளிடம் இயல்பாக எழும். காலின் இரத்தத்தில் பெரும்பகுதியை ஆழ்சிரைகளே சுமக்கின்றன என்பதையும், பின்னோக்கி ஒழுகும் சிரை பயனைவிடச் சுமையையே தருகிறது என்பதையும் எடுத்துரைத்தால் அந்த அச்சம் நீங்கும். ஸ்க்லெரோதெரபி என்னும் முறையில், பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்து மெல்லிய ஊசியால் சிரைக்குள் செலுத்தப்படுகிறது. அது உட்சுவரைப் புண்படுத்த, சுவர்கள் ஒட்டிச் சிரை நாராகிப் பின்னர் உடலால் கரைக்கப்படுகிறது. சிலந்திச் சிரைக்குப் பாலிடோகனால் 0.5 சதவீதமும் வலைச்சிரைக்கு 1 சதவீதமும் வழக்கமான அளவுகள். பெரிய சிரையில் திரவம் இரத்தத்தோடு கலந்து வலுவிழந்துவிடும் என்பதால், மருந்தைக் காற்றுடன் கலந்து நுரையாக்கிச் செலுத்துகிறார்கள். இரண்டு ஊசிக்குழல்களையும் ஒரு மும்முனைத் திறப்பையும் கொண்டு நுரை செய்யும் எளிய வழியை இத்தாலிய மருத்துவர் டெஸ்ஸாரி 2000-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். ஊசி போட்ட தடத்தில் தோல் சில மாதங்கள் பழுப்பாகத் தெரிவதுண்டு. மருந்து வெளியே கசிந்தால் புண்ணாகலாம். ஆழ்சிரையில் இரத்தம் உறைவது அரிது, ஆயினும் நிகழக்கூடியது. கருவுற்றவர்களுக்கு இம்மருத்துவத்தைத் தவிர்க்கிறார்கள்.

சஃபீனஸ் போன்ற பெரிய சிரையில் பின்னொழுக்கு இருந்தால், லேசரோ ரேடியோ அலையோ தரும் வெப்பத்தால் அதை உள்ளிருந்து மூடுவதே இன்று முதல் தேர்வு. ஓர் ஊசித்துளை வழியே மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, மரப்பு மருந்து கலந்த கரைசலைச் சிரையைச் சுற்றி நிரப்பி, குழாயைப் பின்னிழுத்தபடியே சுவரைச் சூடேற்றுகிறார்கள். நோயாளி பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்புகிறார். பிரிட்டனில் சிரைப்புண் உள்ள 450 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளிவந்த எவ்ரா ஆய்வில், கட்டுப் போடுவதோடு இத்தகைய சிகிச்சையையும் விரைந்து செய்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாள்களுக்குள் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களிடம் அந்த அளவை எட்ட 82 நாள்கள் ஆயின. ஆண்டுக்கணக்கில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் ஏழை நோயாளிகளை ஸ்கேனுக்கு அனுப்பாமலிருப்பது எவ்வளவு பெரிய குறை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அழகு நிலையங்களில் தோலின் மேல் பாய்ச்சப்படும் லேசர் வேறு. சிலந்திச் சிரைக்கு அது பயன்பட்டாலும், கருநிறத் தோலில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சுட்டுத் தழும்பாக்கக்கூடும் என்பதால், கால்களுக்கு ஊசி முறையே பெரும்பாலும் முதலில் கருதப்படுகிறது. குதிரைச் செஸ்ட்நட் விதைச்சாறும் டயோஸ்மின் மாத்திரையும் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கலாம். சிரையை மறையச் செய்யும் களிம்போ தைலமோ இல்லை.

இரண்டு சூழல்களில் காத்திருத்தல் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ஆழ்சிரை இரத்த உறைவாக இருக்கக்கூடும். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கலாம். புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால், நோயாளியைப் படுக்கவைத்து, காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கி, துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றபடி தொடையில் கயிறு கட்டினால் சிரை இன்னும் நிரம்பி ஒழுக்கு கூடும்.

விளம்பரம் பார்த்து, ‘அறுவையில்லை, ஒரே நாளில் குணம்’ என்ற உறுதியை நம்பிப் பணம் கட்டப்போகும் எவரும், நிற்கவைத்து எடுத்த டாப்ளர் அறிக்கை எங்கே என்று முதலில் கேட்கட்டும். அவ்வாறு கேட்கும்படி அவர்களிடம் நீ சொல்.

அன்புடன்.