வீட்டுக்குள் குட்டிப் பவளத் தோட்டம்: சிக்கனமாய் 25 குறிப்புகள்

மதுக்கரையில் இருந்து கடலைப் பார்க்கணும்னா வாளையார், பாலக்காடு எல்லாம் தாண்டிப் பொன்னானி வரைக்கும் போகணும். ஆனா கூடத்து ஓரத்தில் ஒரு சின்னத் தொட்டி போதும், மென்பவளமும் கோமாளி மீனும் நம்ம வீட்டிலேயே வளரும். நல்லதண்ணி மீன் வளர்த்துப் பழகின கைக்கு இது கஷ்டமே இல்லைங்க. பொருளைக் குறைத்து, பொறுமையைக் கூட்டினால் செலவும் கைக்குள் நிற்கும்.

1. ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி வாங்குங்க. ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதைவிடச் சின்னதில் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும், அப்புறம் செலவுதான். தண்ணீர், பாறை எல்லாம் சேர்ந்தால் எடை எழுபது கிலோவைத் தொடும் என்பதால் சிமெண்ட் ஸ்லாப் மேல், வெயில் படாத இடத்தில் வைங்க.

2. கடினப் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி மூன்றும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கு. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடல் குதிரைக்கும் அப்படித்தான். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம்னு சொல்லிடுங்க.

3. ராமேஸ்வரம், தூத்துக்குடி போய் வரும்போது கரையில் கிடக்கிற செத்த பவளக்கல்லைக்கூட பையில் போடாதீங்க, அதுக்கும் சட்டம் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற ரெண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போச்சு.

4. நமக்கு ஏற்றது மென்பவளங்கள்தான்: மஷ்ரூம், ஸோவாந்தஸ் ரெண்டும் போதும். வெளிச்சம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் தாங்கும், பெருகவும் செய்யும். தொட்டியில் வளர்த்த துண்டா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்க.

5. மீனுக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் போதும், கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக இருக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் முறைகளை உருவாக்கியிருக்கு. குஞ்சகத்தில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே எடுங்க. தீவனத்துக்குப் பழகியிருக்கும், சீக்கிரம் சாகாது.

6. பாறையை வீட்டிலேயே செய்யலாம், நம்ம ஊரில் சிமெண்டுக்கா பஞ்சம்! ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல், ஒரு பங்கு கல் உப்பு சேர்த்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து மணல் குழியில் கொட்டிக் காயவிடுங்க. கையுறை போட்டுப் பிசைங்க, சிமெண்ட் தோலை அரிக்கும்.

7. ரெண்டு நாள் கழித்துப் பாறையை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு, அடிக்கடி தண்ணீர் மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் ஊற விடுங்க. உப்பு கரைந்து போன இடமெல்லாம் ஓட்டையாகி, நல்ல பாக்டீரியா குடியேற வசதியாகும். ஊறின தண்ணீரின் பி.எச். 8.5-க்குக் கீழே நின்ற பிறகுதான் தொட்டிக்குள் வைக்கணும்.

8. பவளத் தொட்டிக்கு சிறுவாணிக் குழாய்த் தண்ணீரும் ஆகாது, போர் தண்ணீரும் ஆகாது. உப்பு கலக்க ஆர்.ஓ. தண்ணீர்தான் வேணும். குடிக்கிற ஆர்.ஓ. மெஷினில் தாதுக்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கூடவே அந்த மிச்சத்தையும் பிடிக்கும் டி.ஐ. ஃபில்டர் ஒன்றை மாட்டினால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும்.

9. ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீங்க. ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் வாசல் கழுவ, பாத்ரூம் கழுவ ஆகும்.

10. சமையல் உப்பு, கல் உப்பு ரெண்டும் தொட்டித் தண்ணீருக்கு உதவாது, மீன் கடையில் கிடைக்கும் மெரைன் சால்ட் வாங்குங்க. லிட்டருக்கு சுமார் 35 கிராம் போட்டு, சின்ன பம்ப் ஓடவிட்டு முதல் நாளே கலக்கி வைத்தால் மறுநாள் தெளிவாக இருக்கும். உப்பளவு மானியில் 1.025 காட்டினால் சரி.

11. பொன்னானிக்குக் கேன் கொண்டுபோய்க் கடல் தண்ணீர் பிடித்து வருவது மிச்சம் மாதிரி தெரியும். ஆனா அங்கே பாரதப்புழா கலக்கிறது, மழைக்காலத்தில் உப்பு குறைந்து, அழுக்கும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் காசில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிடலாம்.

12. செப்புக் குடம், பித்தளைச் சொம்பு எதிலும் தொட்டித் தண்ணீரைப் பிடிக்காதீங்க. செம்பு துளி கலந்தாலும் பவளமும் நத்தையும் செத்துப் போகும். செம்பு கலந்த மீன் மருந்துக்கும் இதே விதி.

13. தொட்டி தயாரானதும் உப்பு போடாத இறால் ஒரே ஒரு துண்டு போட்டு வைங்க. அது அழுகும்போது வரும் அம்மோனியாவில்தான் நல்ல பாக்டீரியா பெருகும். நாலு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும். அதுக்கு முன்னாடி வாங்கும் எதுவும் வீண் செலவு.

14. தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணாடியின் வெளியே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிடுங்க. மட்டம் பொட்டுக்குக் கீழே இறங்கினால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்க, உப்புத் தண்ணீர் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆடிக் காற்றில் தினமும் பார்க்கணும்.

15. பங்குனி, சித்திரை வெயிலுக்குச் சில்லர் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டால் ரெண்டு மூன்று டிகிரி இறங்கும். 25, 26 டிகிரியில் வைத்தால் நல்லது. 2016 வெயிலில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்து நிறைய செத்துப் போச்சு, அதனால் சூட்டை மட்டும் அசட்டை செய்யாதீங்க.

16. மார்கழி, தை இரவுகளில் நம்ம பக்கம் நன்றாகவே குளிரும். 50 வாட் ஹீட்டர் ஒன்றை 25 டிகிரியில் வைத்து விட்டால் போதும், தானே அணைந்து எரியும், கரண்ட்டும் அதிகம் இழுக்காது.

17. கரண்ட் போனால் முதலில் தீர்வது தண்ணீரில் உள்ள காற்றுதான். தண்ணீரை ஓடவைக்கும் சின்ன பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும். விளக்கு அணைந்திருந்தால் ஒன்றும் ஆகாது.

18. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு, அது வெளிச்சத்தில் சமைப்பதைத்தான் பவளம் சாப்பிடுகிறது. நீலம் தூக்கலான எல்.இ.டி. விளக்கை டைமரில் போட்டு எட்டு மணி நேரம் எரியவிடுங்க. மதியம் ரெண்டு முதல் ராத்திரி பத்து வரை என்று வைத்தால் வீட்டில் எல்லோரும் பார்க்கலாம்.

19. மதுக்கரைச் சுண்ணாம்புக் கல்லும் பவளத்தின் எலும்புக்கூடும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். அதுக்காகக் குவாரிக் கல்லைப் போட்டு விடாதீங்க, வேறு தாதுக்களும் கலந்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் பி.எச். எகிறும். மஷ்ரூமும் ஸோவாந்தஸும் கல் கூடு கட்டாததால் புது உப்புத் தண்ணீரில் வரும் கால்சியமே தாராளம், பாட்டில் மருந்துக் காசு மிச்சம்.

20. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்து லிட்டர் தண்ணீரை மாற்றுங்க. கால் மணி நேர வேலை. இதைத் தவறாமல் செய்தால், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கும் செலவே இல்லை. எடுத்த உப்புத் தண்ணீரைச் செடிக்கு மட்டும் ஊற்றாதீங்க.

21. சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். கையை விடுவதற்கு முன் சோப்பு, தேங்காய் எண்ணெய் வாசனை போகும்வரை வெறும் தண்ணீரில் கழுவுங்க. காற்றில் வரும் தூசிக்கு வலை மூடி போட்டால் காற்றும் போகும், மீனும் துள்ளி வெளியே விழாது.

22. ஸோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அது ஒட்டின கல்லை வெந்நீரில் போடவோ, உலர்ந்த பிறகு சுரண்டவோ கூடாது; கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் தொடணும். சின்னக் குழந்தைகளைத் தொட்டிக்குள் கைவிட விடாதீங்க.

23. தீவனத்துக்கு உரித்த இறாலைக் கழுவி, பொடியாக நறுக்கி, பாலிதீன் பையில் மெல்லிசாகப் பரப்பி ஃப்ரீசரில் வைங்க. தினம் விரல்நுனி அளவு உடைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மீன் பக்கம் விடுங்க. அதே சிரிஞ்ச் பாறை மேல் படியும் அழுக்கை ஊதித் தள்ளவும் ஆகும்.

24. புது மீனைச் சட்டென்று தொட்டியில் விடாமல், மெடிக்கல் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டியூபால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் வாளியில் ஒரு மணி நேரம் விடுங்க. பம்பில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். உப்பு, சூடு, தண்ணீர் மாற்றிய நாள் எல்லாவற்றையும் பால் கணக்கு எழுதும் மாசக் காலண்டரிலேயே குறித்து வைங்க. எங்கே தப்பு என்று உடனே தெரியும்.

25. ஒரு வருஷத்தில் மஷ்ரூம் பக்கத்துப் பாறைக்கும் பரவிடும். அந்தப் பாறையை அப்படியே தொட்டி வைக்க ஆசைப்படும் சிநேகிதிக்குக் கொடுத்து, அவங்ககிட்ட வேறு நிறம் வாங்கிக்கோங்க. இப்படிக் கைமாற்றிக்கொண்டே போனால் கோவையில் எத்தனை வீட்டில் பவளத் தொட்டி வந்தாலும் கடலில் இருந்து ஒரு துண்டுகூட எடுக்கத் தேவையில்லை.