புகைமூட்டமும் உங்கள் நுரையீரலும்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழிறங்கும்போது நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வருகிறது. தசை தளரும்போது காற்று வெளியேறுகிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை இவ்வாறு சுவாசிக்கிறார்.

மூக்கிலுள்ள முடிகளும் சளியும் பெரிய தூசியைத் தடுக்கின்றன. தப்பி வருவது மூச்சுக்குழலின் சளியில் ஒட்டிக்கொள்ளும். குழலின் உட்சுவரில் உள்ள நுண்ணிழைகள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. சிகரெட் புகை இந்த இழைகளை முடக்கிவிடும். புகைப்பவர்களுக்குக் காலையில் வரும் இருமலுக்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, காற்று நுண்ணறைகளில் முடிகிறது. கோடிக்கணக்கான இந்த நுண்ணறைகளை விரித்தால் ஏறத்தாழ ஒரு மூவறை வீவக வீட்டின் தரையை நிரப்பும்! இங்குதான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது, கரியமிலவாயு வெளியேறுகிறது. ஆனால் இங்கே தூசியைத் தள்ள நுண்ணிழைகள் இல்லை.

சுமத்ரா, கலிமந்தான் காட்டுத்தீயிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் புகையில் பிஎம் 2.5 எனும் நுண்துகள்கள் உள்ளன. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இவை, மூக்கையும் மூச்சுக்குழலையும் கடந்து நுண்ணறைகள்வரை சென்றுவிடும். ஆரோக்கியமானவர்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் ஏற்படலாம். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் அல்லது இதய நோய் உள்ளவர்களுக்கு நோய் தீவிரமடையக்கூடும். முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும்.

உடனே வெளியில் ஓடவோ விளையாடவோ போகிறீர்கள் என்றால் ஒரு மணிநேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். மறுநாள் வேலைகளைத் திட்டமிட, 24 மணிநேர பிஎஸ்ஐ முன்னுரைப்பு பொருத்தமானது. பிஎஸ்ஐ 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது என்று பொருள். ஜன்னல்களை மூடுங்கள், வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றுவதையும் அப்போது தவிர்க்கலாம். சாதாரண முகக்கவசம் நுண்துகள்களைத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 கவசமே உதவும். அதை அணிந்தால் மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் கழற்றிவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை எப்போதும் கையோடு வைத்திருங்கள். மருத்துவர் தினமும் பயன்படுத்தச் சொன்ன மருந்தை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாத அளவு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.